இரண்டு ஊருக்கும் வேண்டாத வீடு

ரெம்னாங்கும் தங்சாரும் ஒத்துப்போன விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஓடைக்கரையில் நிற்கும் நோர்சோமின் வீடு எங்கள் ஊரில் இல்லை என்று இரண்டும் ஒரே குரலில் சாதிக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் சண்டைதான். தண்ணீருக்குச் சண்டை, மேய்ச்சலுக்குச் சண்டை, வில் போட்டியில் அம்பு குறியில் பட்டதா பலகையில் பட்டதா என்று பல் உடைகிற வரைக்கும் சண்டை. அப்படிப்பட்ட இரண்டு ஊரும் இந்த ஒரு வீட்டு விஷயத்தில் மட்டும் என்ன ஒற்றுமை என்கிறீர்கள்!

ரெம்னாங் மேலே, தங்சார் கீழே, நடுவில் ஓடை. இரண்டும் தனித்தனி சிவோக், அரசாங்கக் கணக்கில் தனித்தனி வட்டம். ஒவ்வொரு சிவோக்குக்கும் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு சோக்பா உண்டு. தகரக் கூரை வந்தாலும், பன்றிக்கு மின்வேலி வந்தாலும், குடிநீர்க் குழாய் வந்தாலும் சிவோக் வாரியாகத்தான் வரும். குழாய் வந்த வருஷம் ரெம்னாங்கின் சோக்பா நாக்பெல், "அது ஓடைக்கு அந்தப் பக்கம், தங்சார் கணக்கு" என்று கை கழுவினார். தங்சாரின் சோக்பா தேமா சும்மா விடுவாளா? "ஓடைதான் மழையில இடம் மாறிப்போச்சு. பழைய ஓடைய வெச்சுப் பாத்தா அது உங்க ஊர்தான். உங்க பீடைய எங்க தலையில கட்டாதீங்க!" என்று கத்தினாள். வீடோ பழைய ஓடைக்கும் புது ஓடைக்கும் நடுவில் நின்றது. குழாய் இரண்டு பக்கமும் போனது, நோர்சோம் இன்னும் ஓடையில்தான் குடத்தை முக்குகிறாள்.

ஓடை ஒரு சாக்கு. உண்மையான காரணம் நஞ்சு.

நோர்சோம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாக்பெலின் அண்ணன் ஒருவன் இருந்தான். பொழுது விடிந்தால் அரா என்கிற வீட்டுச் சாராயத்தில்தான் முகம் கழுவுவான். வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, வீடு வீடாகக் குடித்துக்கொண்டு திரிந்தவன் ஒருநாள் கடைசியாக இவள் அம்மாவின் வீட்டில் ஒரு கோப்பை குடித்தான். ஏற்றத்தில் பாதி வழியில் ரத்தமாக வாந்தி எடுத்துச் செத்தான். முன்னால் குடித்த வீடுகளை எவனும் கேட்கவில்லை. கடைசி வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வீட்டுப் பொம்பளைகள் கையில் நஞ்சு இருக்கிறது, தாய்க்குப் பிறகு மகளுக்கு இறங்கும் என்று முதலில் வாயைத் திறந்தவர் நாக்பெல். பேச்சு மலை ஏறி மலை இறங்கியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு மனுஷன் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. நோர்சோமைப் பெண் கேட்டும் யாரும் வரவில்லை. நாற்பது வயது தாண்டியாயிற்று.

அதையெல்லாம் அவள் எப்போதோ விழுங்கிவிட்டாள். இப்போது அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். ஒரு சாவு விழுந்தால் அந்த சிவோக்கின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆளும் ஒரு கட்டு விறகும் வரவேண்டும். அதுதான் அந்த மலையின் முறை. எந்த சிவோக்கிலும் சேராத வீட்டுக்கு யார் வருவார்கள்? அம்மாவும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். சோறு ஊட்டும்போது கேட்பாள், புரட்டிப் படுக்க வைக்கும்போது கேட்பாள்.

"என்னை யாருடி தூக்குவா?"

"நான் தூக்குறேன், போதுமா?"

"ஒத்தை ஆளா எப்படிடி? நாய் இழுத்துட்டுப் போற மாதிரி இழுத்துட்டுப் போவியா?"

"சும்மா இரும்மா."

கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நோர்சோம் வெளியே வந்து, மேலே ஒரு தடவை கீழே ஒரு தடவை பார்த்து, இரண்டு ஊரையும் பெயர் சொல்லித் திட்டுவாள். ஓடைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. கேட்டால்தான் என்ன, அவளுக்குக் கவலையில்லை.

அப்போதுதான் மாவட்டத்திலிருந்து எல்லைகளைத் திருத்தி அமைக்கிறவர்கள் வரப்போவதாகச் செய்தி வந்தது. ரெம்னாங்கில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் திம்புவுக்குப் போய், பின்னாலேயே பெற்றவர்களும் போய், வாசலில் காஞ்சொறி வளர்ந்து நின்றது. ஆள் குடியிருக்கிற வீடு இத்தனை இருந்தால்தான் தனி சிவோக் என்று விதி. எண்ணிப் பார்த்தார்கள். ரெம்னாங்குக்கு ஒரு வீடு குறைந்தது. குறைந்தால் அதைத் தங்சாரோடு சேர்த்துவிடுவார்கள். பேரும் தங்சார், சோக்பாவும் தங்சார் ஆள். ஓடைக்கரை வீட்டுக்காரி எந்தப் பக்கம் என்று சொல்கிறாளோ அந்தப் பக்கம் எழுதிக்கொள்வோம், கூட்டத்தன்று அவள் வாயாலேயே கேட்டுக்கொள்கிறோம் என்று அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார்.

பீடை ஒரே நாளில் பொக்கிஷம் ஆகிவிட்டது!

முதலில் வந்தது தேமா. வீட்டுக்குள் வரவில்லை. மாட்டுக் கொட்டில் பக்கம் நின்று, கீரா உடையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"அடியே நோர்சோம்! இருக்கியா, செத்தியா?"

"இருக்கேன். என்ன அதிசயம், அனா? வழி தவறிட்டீங்களா?" மூத்தவளை அனா என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள்.

"வாயப் பாரு. விஷயத்துக்கு வரேன். கூட்டத்துல தங்சார்னு சொல்லிடு. அந்த நாக்பெல் கொட்டத்த நான் அடக்கணும். அவ்ளோதான் எனக்கு வேணும். உன் மேல பாசம் பொங்கி வரல."

"குழாய் வந்தப்போ நான் பீடை. இப்ப இனிக்குதா?"

"இனிக்கல. தேவைப்படுது."

நோர்சோம் உள்ளே போய், அராவைச் சூடாக்கி, முட்டை உடைத்துப் போட்டு, கோப்பையோடு வெளியே வந்து நீட்டினாள். தேமா இரண்டு அடி பின்னால் போனாள்.

"குடிக்க மாட்டேன்."

"ஏன்?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா? பயமா இருக்கு. உள்ள பயத்த வெச்சுட்டு வெளிய இளிக்க எனக்கு வராது."

"அப்ப என் அம்மாவைத் தூக்க உங்க ஊர் ஆளுங்க வருவாங்களா? அதுக்காச்சும் வாக்குக் குடுங்க."

தேமா வெற்றிலையைத் துப்பினாள். "எங்க ஊர் ஆம்பளைங்க உன் வாசலத் தாண்டவே எச்சில் முழுங்குவானுங்க. அடிச்சுத்தான் இழுத்துட்டு வரணும். முடிஞ்சா இழுத்துட்டு வரேன். வாக்கெல்லாம் குடுக்க மாட்டேன்."

"அப்ப போங்க."

"போறேன். உன் வீட்டுல தங்கவா வந்தேன்?"

அவள் போன பிறகு நோர்சோம் அந்த அராவைத் தானே மடமடவென்று குடித்தாள். கோபத்தில் நாக்கு சுட்டதுகூடத் தெரியவில்லை.

மறுநாள் நாக்பெல் வந்தார். அவர் வருகிற தோரணையே வேறு. மடிப்புக் கலையாத கோ அங்கி, கையில் ஒரு கூடை முட்டை, இலையில் சுற்றிய பாலாடைக்கட்டி, முகம் நிறையச் சிரிப்பு. நேராக வீட்டுக்குள் வந்து, அடுப்பங்கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அடுப்பங்கரை வேற்று மனுஷனைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! நோர்சோமுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

"மருமகளே, எப்படிம்மா இருக்கே? எளச்சுட்டியே. அக்கா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க, அஜங்."

"ஊர்னா நாலு பேச்சு இருக்கும். மனசுல வெச்சுக்காதே. நம்ம ரத்தம் நாம விட்டுக் குடுப்போமா? நீ ரெம்னாங் பொண்ணு. கூட்டத்துல அத மட்டும் சொல்லு. அக்காவுக்கு ஒண்ணுன்னா ஊரே வந்து நிக்கும். முன்னால தோள் குடுக்கறவன் நானா இருப்பேன்."

படுக்கையிலிருந்து அம்மா தலையைத் தூக்கப் பார்த்தாள். "நாக்பெலா?"

"நான்தான் அக்கா!"

நோர்சோம் அரா ஊற்றினாள். நாக்பெல் தயங்கவே இல்லை. அங்கியின் மடிப்பையிலிருந்து தன் மரக்கோப்பையை எடுத்து நீட்டினார். மோதிர விரலை நனைத்துத் தெய்வத்துக்கு மூன்று சொட்டுத் தெளித்தார். அம்மா இருமினாள். நோர்சோம் திரும்பி அவளுக்குப் போர்வையை இழுத்துவிட்டு வருவதற்குள் கோப்பை காலி. "அருமை, அருமை. எங்க வீட்டுல இப்படிக் காய்ச்ச ஆளில்ல" என்று உதட்டைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது கோப்பை வாங்காமல் எழுந்தால் அவமரியாதை. அதையும் வாங்கினார். அடுப்பில் விறகு சரிந்தது, அவள் குனிந்தாள், நிமிர்ந்தபோது அதுவும் காலி.

அந்தச் சில நிமிஷம் நோர்சோமுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கையால் காய்ச்சியதை ஒருவர் குடித்துவிட்டார்! அதுவும் யார், நாக்பெல்! பழசையெல்லாம் மன்னித்துவிடலாம் என்றே தோன்றியது. ரெம்னாங் என்று சொல்லிவிடுகிறேன் அஜங் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அவர் எழுந்தார். அங்கியின் வயிற்றுப் பக்கம் தொப்பலாக நனைந்து கருத்திருந்தது. முழங்கால் வழியாக ஒழுகிப் பலகையில் சொட்டியது. இரண்டு கோப்பை அராவும் மடிப்பைக்குள் போயிருந்தது. மனுஷனுக்கு அது தெரியவில்லை, சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

நோர்சோம் துணி எடுத்துப் பலகையைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அரா வாடைதான் கிளம்பியது.

"குடிச்சானாடி?" அம்மா கேட்டாள்.

நோர்சோம் துணியைப் பிழிந்தாள்.

"ஏண்டி, நாக்பெல் குடிச்சானா?"

"குடிச்சார்மா. ரெண்டு கோப்பை."

அம்மாவின் முகம் விரிந்ததைப் பார்க்க முடியாமல் அவள் அடுப்பை ஊதினாள். "அப்ப தூக்குவாங்க" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. நன்றாகத் தூங்கினாள், கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள், சில நாள் கழித்து ஒரு விடியற்காலையில் மூச்சு நின்றிருந்தது. தேமா பயத்தில் குடிக்காதது வலித்ததுதான். ஆனால் தன்னைப் பெற்றவளிடமே பொய் சொல்ல வைத்த நாக்பெலை நினைத்தால் நோர்சோமுக்கு வயிறு எரிந்தது.

ஜோசியர் ஏடு பார்த்து எரிக்கிற நாளைக் குறித்தார். நோர்சோம் வீட்டு முற்றத்திலேயே நின்றுகொண்டுதான் குறித்துக் கொடுத்தார், உட்காரவில்லை. குறித்த நாள் கூட்டத்து நாள். ஜோசியர் வைத்த நாளை மாற்ற முடியாது. மாவட்டம் வைத்த நாளையும் மாற்ற முடியாது. நோர்சோம் இரண்டு ஊருக்கும் ஒரே சொல்லை அனுப்பினாள்.

"நான் கூட்டத்துக்கு வர முடியாது. என் அம்மா எரியற இடத்துல கேளுங்க. எரிஞ்சு முடிஞ்ச பிறகு சொல்றேன். முன்னால ஒரு வார்த்தையும் வராது."

எரிந்து முடிந்த பிறகு என்பதை அவள் யோசித்துத்தான் சொன்னாள். முன்னால் சொன்னால் வீடு கிடைத்த ஊர்க்காரனும் போய்விடுவான், கிடைக்காத ஊர்க்காரனும் போய்விடுவான். பிணம் வீட்டில் கிடக்கும். அந்த ஜனங்களை அவளுக்குத் தெரியாதா?

அன்று காலையில் வந்த கூட்டத்தை அந்த வீடு ஜென்மத்தில் பார்த்ததில்லை. மேலேயிருந்து ரெம்னாங் ஆட்கள் விறகுக்கட்டோடு இறங்கினார்கள். கீழேயிருந்து தங்சார் ஆட்கள் விறகுக்கட்டோடு ஏறினார்கள். தேமா ஒரு குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆடு ஓட்டுவது போல் தன் ஊர் ஆம்பளைகளைப் பின்னாலிருந்து விரட்டிக்கொண்டு வந்தாள். கூடவே மாவட்டத்து அதிகாரி, சின்ன வயசு, பளபளக்கும் சப்பாத்து. சேற்றில் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் முழித்தார்.

அம்மாவை உட்கார்த்தி, வெள்ளைத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தது. ரெம்னாங் ஆட்கள் முன்கழிகளைப் பிடித்தார்கள். உடனே தங்சார் ஆட்கள் பின்கழிகளைப் பிடித்தார்கள்.

"விடுங்கடா, இது எங்க ஊர்ச் சாவு!"

"என்னிக்குடா உங்க ஊராச்சு? நேத்து வரைக்கும் இந்தப் பக்கம் மூச்சு விட்டியா?"

"நீ விட்டியா?"

"எங்க கரை வழியாத்தான் போகணும்!"

"உங்க கரையில எங்க கால் படாது!"

பெட்டி முன்னால் ஒரு முழம் போனது, பின்னால் ஒரு முழம் வந்தது. ஒருத்தன் இன்னொருத்தனை முழங்கையால் குத்தினான். சாவுச் சடங்குக்கு ஓதிக்கொண்டிருந்த கோம்சென் சாமியார் மந்திரத்தை நிறுத்தி, "அடப்பாவிங்களா, கெழவி விழுந்துடுவா!" என்று அலறினார். என்னை யாருடி தூக்குவா என்று கேட்ட அம்மாவுக்கு இரண்டு ஊர் ஆம்பளைகளும் அடித்துக்கொண்டார்கள். நோர்சோமுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. பார்த்தாயா அம்மா, பார்த்தாயா என்று சத்தமாகவே சொன்னாள்.

கடைசியில் ஒரு தோள் இவர்கள், ஒரு தோள் அவர்கள் என்று ஓடையின் நடுவிலேயே தண்ணீருக்குள் நடந்து கொண்டுபோனார்கள். நாக்பெல் வாக்குக் கொடுத்தபடி முன்னால் தோள் கொடுத்தார். அதிகாரி தன்னைப் பார்க்கிறாரா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

சிதை நன்றாக எரிந்தது. விறகுக்கா பஞ்சம்? இரண்டு ஊர் விறகு.

தூக்கினவர்களுக்குச் சோறு போடுவது முறை. நோர்சோம் விடியுமுன்பே எழுந்து சமைத்திருந்தாள். ஒரு பெரிய அண்டா கராங், மக்காச்சோளமும் அரிசியும் சேர்த்து வடித்தது. ஒரு சட்டி மிளகாயும் பாலாடைக்கட்டியும். சூடான அரா. ஓடைக்கரையில் வாழையிலையை விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைத்தாள்.

ஒருத்தனும் அசையவில்லை.

"எனக்கு இன்னிக்கு விரதம்" என்றார் நாக்பெல்.

"எனக்கு வயிறு சரியில்ல" என்றான் ஒருவன்.

"எனக்கும்தான்" என்றான் பக்கத்தில் இருந்தவன். ரெம்னாங்கிலும் தங்சாரிலும் அந்த ஒரு நிமிஷத்தில் வயிறு சரியாக இருந்தவன் ஒருத்தனும் இல்லை. சிலர் மடிப்பையிலிருந்து வீட்டுச் சோற்றை மூங்கில் கிண்ணத்தோடு எடுத்து, கூச்சமில்லாமல் அங்கேயே சாப்பிட உட்கார்ந்தார்கள். பசித்துப்போயிருந்த அதிகாரி இலைப்பக்கம் கையை நீட்டினார். நாக்பெல் குனிந்து அவர் காதில் என்னவோ சொன்னார். அதிகாரி கையை இழுத்துக்கொண்டார். "நான்... நான் அப்புறமா சாப்பிடறேன் லா" என்றார், மரியாதைக்கு ஒரு லா சேர்த்து.

நோர்சோம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அம்மாவைத் தூக்கியாயிற்று, எரித்தாயிற்று. இனி இவர்களில் யாரும் அவளுக்குத் தேவையில்லை. அதை நினைத்தபோது உடம்பில் ஒரு தைரியம் ஏறியது.

"என் அம்மாவைத் தொட்டுத் தூக்குனீங்க. அவ கையில நஞ்சு இருந்தா அப்பவே ஒட்டியிருக்கும். என் கைச் சோறு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு? இதுல எவ ஒருத்தி, எவன் ஒருத்தன் ஒரு வாய் திங்கறாங்களோ, என் வீடு அந்த ஊரு. திங்க யாரும் இல்லன்னா எல்லாரும் நாசமாப் போங்க!"

நாக்பெல் தரையைப் பார்த்தார். ரெம்னாங் ஆட்கள் நாக்பெலைப் பார்த்தார்கள்.

"சீ! என்ன ஜென்மங்கடா நீங்க!"

தேமா குச்சியை எறிந்துவிட்டு வந்து, இலைக்கு முன்னால் தொப்பென்று உட்கார்ந்தாள். தங்சார்க் கூட்டத்தில் அவள் புருஷன் "ஏய், வேண்டாம்டி!" என்று கத்தினான். "நீ மூடு" என்றாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு பிடி கராங்கை உருட்டி, மிளகாயில் தோய்த்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயில் போட்டாள். "நான் செத்தா உன்னைச் சும்மா விடமாட்டேன்டி, பேயா வந்து உலுக்குவேன்" என்று சோற்றோடு சோறாகச் சொன்னாள். மென்றாள். விழுங்கினாள்.

எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேமா கண்ணைத் திறந்தாள். நாக்கால் பல்லைத் துழாவினாள். முகத்தைச் சுளித்தாள்.

"உப்பே இல்ல. இது என்ன சமையல்?"

நோர்சோம் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கோங்க லா. தங்சார்."

"ஏ, மருமகளே!" நாக்பெல் துள்ளிக்கொண்டு எழுந்தார். "இது என்ன அநியாயம்? உன் வீட்டுக்கு வந்து ரெண்டு கோப்பை குடிச்சவன் நான்! இவளா குடிச்சா?"

"குடிச்சது உங்க அங்கி, அஜங். எங்க பலகையைத் துடைச்சது நான்."

முதலில் சிரித்தது தங்சார்க்காரர்கள். பிறகு ரெம்னாங்கிலும் ஒருத்தன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். நாக்பெல் தன் வயிற்றைத் தானே தொட்டுப் பார்த்தார். அதிகாரி எழுதி முடித்தார். ரெம்னாங் என்ற சிவோக் அத்தோடு போயிற்று.

"ஏன் நிக்கறீங்க, அதா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் தேமா, வாய் நிறையச் சோற்றோடு. "இனிமே நீங்களும் என் சிவோக்தானே? வந்து உக்காந்து தின்னுங்க. சோக்பா சொல்றேன்." நாக்பெல் திரும்பிப் பார்க்காமல் ஏற்றத்தில் ஏறினார். அவர் ஆட்கள் கொஞ்சம் பேர் பின்னால் போனார்கள், கொஞ்சம் பேர் போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றார்கள்.

தேமா அதைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டாவது பிடியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அடியே, சொன்னது காதுல விழலயா? உப்பு எங்க? இத எப்படித் திங்கறது? மாடுகூடத் திங்காது!"

நோர்சோம் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் சமையலில் உப்பு கூட, உப்பு குறைவு என்று சொன்னவள் அம்மா ஒருத்திதான். அந்த அம்மா அங்கே சாம்பலாகிக் கிடந்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

"கொண்டாரேன் அனா" என்று சொல்லிவிட்டு, உப்பு எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள்.